வெண்ணெய்ப்பழம் அறுத்த உன் கை

இன்று காலை சிரம்பான் பசாரில் ஒரு சீனக் கிழவி வெண்ணெய்ப்பழங்களைக் கூறு கட்டி வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துக் காம்போரம் மோந்து பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

கோலா சாவாவுக்கு உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நான் துரை பங்களாவின் சமையல்காரன். நீ பால்மரம் வெட்டுகிறவள். பங்களாக் கொல்லையில் அந்த வருஷம்தான் வெண்ணெய்ப்பழம் முதன்முதலாகக் காய்த்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. பாதியாக்கிய பழத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கொட்டையில் கத்தி முனையைக் குத்தினேன். வழுக்கிக் கையில் இறங்கிவிட்டது.

பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குப் போகிற வழியில் நீ குசினிக்குள் எட்டிப் பார்த்தாய். ஓடி வந்து கையில் துணியைச் சுற்றினாய்.

"கை இப்படின்னு தெரிஞ்சா வேற ஆளு வச்சிருவாங்க," என்றேன்.

"நீங்க உக்காருங்க. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

அதுவரை நீ அந்தப் பழத்தைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் அதைக் கையில் ஏந்தவில்லை. பலகையில் படுக்க வைத்தாய். நீளவாக்கில் கத்தியை இறக்கி, கொட்டை தட்டியதும் நிறுத்தினாய். கத்தியை அப்படியே வைத்துப் பழத்தை மட்டும் உருட்டினாய். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் திருகினாய், பழம் பிரிந்தது. கொட்டைக்கு அடியில் கரண்டியை விட்டு நெம்பினாய்.

"எங்கடி கத்துக்கிட்ட?"

"மரத்துல காயம் படாம பட்டைய மட்டும் தெனம் சீவுறேன்ல? கத்தி எங்க நிக்கணும்னு கைக்குத் தெரியாதா?"

சாப்பாடு முடிந்ததும் துரைசானி வந்தாள். பழத்தை இவ்வளவு அழகாக அறுத்தது யார் என்று மலாயில் கேட்டாள். நான்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நீ தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய். முழங்கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. "பினி சாயா," என் சம்சாரம் என்றேன். துணி சுற்றிய கையையும் காட்டினேன்.

அப்படியானால் நாளையிலிருந்து அவளே சமைக்கட்டும் என்றாள். உன்னிடம் தமிழில் சொன்னேன். நீ ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் முகத்தை நேராகப் பார்த்தாய்.

"அவரு கை ஆறுற வரைக்கும் செய்யுறேன்னு சொல்லுங்க. அப்புறம் இது அவரு வேல. எனக்கு மரம் இருக்கு."

அதை மலாயில் திருப்பிச் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. துரைசானி சிரித்து, சரி என்றாள்.

இப்போது இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறேன். என் குசினியில் யாரும் பழத்தைக் கையில் ஏந்திக் கத்தி வைக்கக் கூடாது. புதிதாக வந்த சமையல்காரர், "எந்த பங்களாவுல கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"பங்களாவுல இல்ல. எம் பொண்டாட்டி காமிச்சா. மரம் வெட்டுறவ."

வெட்டினவ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.