நீலத் தகட்டில் இருந்த கண்கள்

பாரிஸ், 1748, ஜனவரி 9

மூன்றாவது தகடும் முடிந்தது. பல் வைத்த உளியைக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டி ஆட்டி மணிக்கட்டு வீங்கிவிட்டது. நீலம், மஞ்சள், சிவப்பு — நிறத்துக்கு ஒரு செம்புத் தகடு; மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் வண்ணப் படம். மை பிடிக்கும்படி தகட்டைச் சொரசொரப்பாக்குவது என் வேலை. அதைச் சுரண்டி உருவம் கொண்டுவருவது என் கணவர் மத்யுரேனின் வேலை. பெயர் வழக்கம்போல அவருக்கு.

இம்முறை வைத்தியப் படம், வயிறு திறந்த கர்ப்பிணி. ஆஸ்பத்திரியில் செத்த யாரோ ஓர் ஏழை. முகம் கெட்டுப்போயிற்றாம். படம் வாங்கும் வைத்தியர்களுக்கோ முகம் மட்டும் உயிரோடு இருக்க வேண்டும்.

ஜனவரி 20

என் தங்கை கொலோம்ப் மூன்று நாளாக ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்து கொடுக்கிறாள். மாதா படத்துக்கு என்று அவர் சொல்லிவைத்திருக்கிறார். எட்டு மாத வயிற்றோடு என்ன பெருமை அவளுக்கு. அவள் முகம் எந்தப் படத்துக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

பிப்ரவரி 6

முதல் பிரதி வந்தது. கிழித்த வயிற்றுக்கு மேலே கொலோம்ப் சிரிக்கிறாள். நீலக் கண் அப்படியே அவளுடையது.

மருத்துவச்சி மதாம் வொக்லேன் சுவரில் மாட்ட ஒன்று கேட்டிருக்கிறாராம். கொலோம்ப் பிரசவத்துக்குப் படுக்கப்போவது அவர் வீட்டில்தான். வலியில் தலை தூக்கினால் இதையா பார்க்க வேண்டும்? முகத்த மாத்திடுங்கன்னு அவரிடம் கெஞ்சினேன்.

"செத்தவளுக்கு ஒரு மூஞ்சி வேணும்டி. அதுல உன் தங்கச்சிக்கு என்ன கொறஞ்சிடப்போவுது?" என்றார்.

பிப்ரவரி 7

அவர் வெளியே போனதும் நீலத் தகட்டிலும் மஞ்சள் தகட்டிலும் முகத்தை மட்டும் வழவழவென்று தேய்த்துவிட்டேன். வழவழப்பில் மை நிற்காது. சிவப்புத் தகடு அச்சுக்கூடத்தில் இருந்ததால் தப்பியது. முதல் பிரதியையும் கொலோம்பை அவர் வரைந்த தாளையும் அடுப்பில் போட்டேன்.

வந்து பார்த்தார். அறைந்தார். மறுபடி உளி போட்டுக்கொடு என்றார். கை வராது என்றேன்.

பிப்ரவரி 19

கொலோம்புக்கு வலி எடுத்துவிட்டது. மதாம் வீட்டுச் சுவர் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு நிம்மதி.

"அக்கா, மாமா மாதா படத்த எப்பக் காட்டுவாரு?" என்று நடுவில் கேட்டாள். பிள்ளை பிறந்ததும் என்றேன்.

பிப்ரவரி 20

தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

மார்ச் 3

அவள் முகம் இப்போதே சரியாக நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. மூக்கு வருகிறது, மற்றது வரவில்லை. எங்களைப் போன்றவர்களை யார் படம் எழுதி வைக்கிறார்கள்? இருந்த ஒன்றையும் நானே எரித்தேன். பாவி நான்.

மத்யுரேனோடு பேச்சு நின்று மூன்று வாரம் ஆகிறது. இன்று நானே போய்ச் சிவப்புத் தகட்டை மட்டும் அச்சடித்துத் தரச் சொன்னேன். கழுத்துக்குக் கீழே மை தடவ வேண்டாம் என்றேன். அப்படியே செய்து கொடுத்தார்.

உதடு அவளுடையது. கன்னம் அவளுடையது. நீலக் கண்ணுக்குச் சிவப்புத் தகட்டில் வேலை இல்லை. அந்த இரண்டு இடத்திலும் வெறும் தாள்தான் இருக்கிறது. கொடியில் காயப்போட்டிருக்கிறேன்.