நான் போடாத கையெழுத்து

அன்புள்ளவளுக்கு,

உன் அண்ணனைப் பற்றிப் பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். முதலில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று எழுது. நான் நலம்தான்.

எங்கள் அலுவலக இணையதளங்கள் ஆறு கணினிகளில் தனித்தனியாக ஓடுகின்றன. அவற்றை மென்பொருளாக மட்டுமே இருக்கும் மெய்நிகர் கணினிகளாக்கி ஒரே பெரிய கணினிக்குள் அடைக்க உன் அண்ணன் முடிவுசெய்தார். யோசனை நல்லதுதான், ஆனால் அந்த ஒரு கணினி படுத்தால் ஆறும் படுத்துவிடும், துணைக்கு இன்னொன்று வேண்டும் என்றேன்.

"மாப்ளே, கதை வேணாம். பொறுப்பு உங்களோடதுன்னு கையெழுத்துப் போடுங்க. வேலை வாங்கிக் குடுத்தவன் நான்."

"வேலை நீங்க குடுத்தது மச்சான். கையெழுத்து என்னோடது."

சோதனை ஓட்டத்தின்போது எல்லோர் முன்னாலும் அந்தப் பெரிய கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். ஆறு திரைகளும் ஒன்றாக இருண்டன. காப்பி ஊற்றுகிறவர்கூடச் சிரித்துவிட்டார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் கையெழுத்திடாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே. எனக்காக அவரிடம் பேசவும் பேசாதே.

நீலச் சட்டைக்கு இரண்டு பொத்தான்கள் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் நீ அனுப்பு. கடிதத்தை ஒரு பக்கத்தோடு முடித்துவிடாதே.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. வழக்கம்போல அடியில் கையெழுத்திடப் பேனாவைக் கொண்டுபோனேன். இந்த வாரம் எந்தக் காகிதத்திலும் போடுவதாக இல்லை. என் எழுத்து உனக்குத் தெரியும். இப்படியே அனுப்புகிறேன்.