பத்தாவது ஆள்

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கப் போனபோது, என் கால்சட்டைப் பையிலிருந்து யூதர் செபத்துக்குப் போடும் உன் குட்டித் தொப்பி விழுந்தது. முதல் பயணத்தில் நீ என் தலையில் வைத்துவிட்டது. இந்த முறையும் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வந்து சேர்ந்து ஒரு கிழமையாகியும் களைப்புத் தீரவில்லை.

நாம் இருவரும் டிராம் ஓட்டியவர்கள். நீ யூதன், நான் மன்னார்க் கத்தோலிக்கன். இடைவேளை அறையில் சங்கீதங்களில் தொடங்கிய வாய்ச்சண்டை வருடக்கணக்கில் ஓடியது. கடைசியில் உங்கள் சபையின் இஸ்ரேல் படிப்புப் பயணத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் பஸ் ஏறுகிற பழக்கத்தில், நான் விமான நிலையத்துக்கு எல்லோருக்குமாக ஆட்டிறைச்சி ரோல்ஸ் கட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் உணவு விதிப்படி சமைத்ததில்லை என்று ஒருவரும் தொடவில்லை. "பிழை உன்னில் இல்லை, உன் அடுப்பில்" என்றாய். எறிய மனமில்லாமல் நானே தின்று, விமானம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கலிலேயக் கடலைப் பெருமையாகக் காட்டினாய். எங்கள் ஊரில் இதைக் குளம் என்றுதான் சொல்வோம் என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பவும் கூட்டி வந்து ஆற அமரக் காட்டுகிறேன், அப்போது சொல் என்றாய். பிறகு அங்கே போர் வந்தது. பயணம் தள்ளித் தள்ளிப் போனது. அதற்குள் உனக்கு நோய் வந்து நீயும் போய்விட்டாய்.

இந்த வருடம் குழு மறுபடி புறப்பட்டது. உன் மகள் துரொண்ட்ஹெய்மிலிருந்து போன் எடுத்தாள். உன் ஆண்டு நினைவு நாள் அந்தப் பயணத்துக்குள் வருகிறது, கலிலேய ஏரிக்கரையில் அப்பாவுக்கான செபத்தைச் சொல்லவேண்டும், தன்னால் போக முடியாது, நான் குழுவோடு நிற்க வேண்டும் என்றாள். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "நாங்கள் ஊரைவிட்டு ஓடி வந்த சண்டை போதாதே? இந்த முழங்கால் நோவோடை அங்கை போப்போறியளே?" என்று கேட்டாள். எனக்கும் மனமில்லைத்தான். சீருடையில் துவக்கோடு நிற்கும் பிள்ளைகளை எந்த நாட்டிலும் பார்க்கத் தெம்பில்லை. உனக்காகப் போனேன்.

அந்தச் செபத்துக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும். குழுவில் அப்படிச் சரியாகப் பத்துப் பேர் இருந்தார்கள். அன்று பார்த்து ஒருவர் வயிற்றோட்டத்தில் படுத்துவிட்டார். ஏரிக்கரை விடுதியின் அறையில் ஒன்பது பேரும் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். பொழுது பட்டால் உங்கள் கணக்கில் நாள் முடிந்துவிடும். இருபது வருடம் உன்னோடு வேலை செய்த நான் அந்த அறைக்குள்ளேதான் நின்றேன், ஆனால் என்னை எண்ண முடியாது. அது உங்கள் முறை, எனக்குக் கோபமில்லை. நொந்தது, அவ்வளவுதான்.

நொண்டிக்கொண்டு வீதிக்கு வந்தேன். முதலில் கேட்டவர் யூதர் இல்லை. அடுத்தவர் நேரமில்லை என்றார். பெற்றோல் நிலையத்தில் மரக்கறி ஏற்றும் வான் ஓட்டுகிற ஒருவன் நின்றான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ யூதனா?"

"இல்லை."

"பிறகு ஏன் நீ ஆள் தேடுகிறாய்?"

"செத்தது என் நண்பன். என்னைச் சேர்த்தால் கணக்கு வராது."

வானைப் பூட்டி, தன் குட்டித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தான்.

குழுவில் மூத்தவர் செபத்தைச் சொன்னார். எனக்கு விளங்கியது ஆமென் மட்டும்தான். அந்த இடங்களில் நானும் சொன்னேன். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது.

புறப்படும்போது வான்காரன் மற்றவர்களைத் தாண்டி நேரே என்னிடம் வந்தான். நண்பன் என்று சொல்லியும் செத்தவரின் வீட்டு ஆளாகவே என்னை எண்ணினானோ தெரியாது. கையைப் பிடித்து, "உன் துக்கத்தில் எனக்கும் பங்கு" என்றான். ஒஸ்லோவில் உன் அடக்கத்தன்று எல்லோரும் உன் மகளுக்கும் உறவுக்காரருக்கும் கைகொடுத்தார்கள். நான் பின்வரிசையில் நின்றுவிட்டு மாலை வேலைக்குப் போனேன். நீ போனதற்காக எனக்கென்று ஒருவர் சொன்ன ஆறுதல், பெயர் தெரியாத அந்த மனிதன் சொன்னது ஒன்றுதான். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.