பதினான்காவது பத்தி

சாஸ்கடூன்
ஜூன் 9

அன்புள்ள சித்திக்கு,

கடிதம் எழுதியதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். தபாலில் உங்கள் பெயருக்கு ஏதாவது வந்தால் ஒன்று யாரோ செத்திருப்பார்கள், இல்லையென்றால் அரசாங்கத்துக்கு ஏதோ வேண்டியிருக்கும் என்பீர்கள். இது இரண்டும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். மீன்பிடி முகாமில் போன் எடுக்காது. எடுத்தாலும், இதைப் போனில் பேசியிருந்தால் பாதியைச் சொல்லாமலே வைத்திருப்பேன். கடைக்காரர் எல்ட்ரிக் அடுத்த படகில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

வலையில் மீன் விழுகிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது? ஈரமான பூட்ஸோடு உட்கார்ந்திருக்காதீர்கள். இங்கே ஆற்றின் தடுப்பணைக்குக் கீழே பெலிக்கன்கள் நாள் முழுக்க மீன் தின்கின்றன. பார்க்கும்போதெல்லாம் நீங்கள் அவற்றைத் திட்டுவது காதில் விழுகிறது.

எட்டு வாரச் சட்டப் பயிற்சியில் ஐந்து வாரம் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு பேர் இருக்கிறோம். க்ரீ, டெனே, மிக்மாக் என்று எல்லாரும் நம்மைப் போல் பூர்வகுடி ஜனங்கள்தான். யார் வீட்டிலும் இதற்கு முன் ஒரு வக்கீல் இருந்ததில்லை. பட்டம் வாங்கியதே வீட்டில் நான்தான் முதல் என்று சொன்னால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை, பாதிப் பேர் அப்படித்தான். உங்களிடம் ஒன்றை முழுதாகச் சொல்லாமல் வந்துவிட்டேன். செப்டம்பரில் சட்டக் கல்லூரியில் இடம் என்று எனக்கு வந்த கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்தப் பயிற்சியில் தேறினால்தான் அந்த இடம். எழுத்துத் தேர்வுகளைப் பற்றிக் கவலையில்லை. ஜூன் 27 அன்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் முன்னால் மாதிரி வழக்கு ஒன்றை நின்று வாதாட வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். என் சிக்கலும் அதில்தான்.

அறையில் என்னோடு இருப்பவர் கோரலி டென்னி. கேப் பிரெட்டன் பக்கத்து மிக்மாக்காரர், நாற்பத்தொரு வயது. இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்திருக்கிறார். நான் பேசாமலிருந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, "பின் சீட்டுல என்னடி சத்தமே காணோம்" என்பார். அவர் சுடும் ரொட்டி நம் வீட்டு பானக் ரொட்டியைவிட நன்றாக இருக்கிறது. இதை ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது வாரம் ஒரு கூத்து நடந்தது. கட்சிக்காரர் ஒருவரை விசாரித்து இருபது நிமிடத்தில் வழக்கின் விவரத்தை எழுதிவர வேண்டும். கட்சிக்காரராக நடிக்க ஓர் அம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். எந்த ஊர், அம்மா யார், அம்மா வழியில் யார் யார் என்று கேட்டேன். அந்த அம்மாளுடைய கொழுந்தன் மான்ட்ரியல் லேக் கிராமத்தில் பெண் எடுத்தவராம், அந்தப் பெண்ணை நமக்குத் தெரியும். பதினெட்டு நிமிடம் போய்விட்டது. மணி அடித்தபோது என் தாளில் ஒரு குடும்பமே இருந்தது, வழக்கு மட்டும் இல்லை. கோரலி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்சிக்காரரை விசாரிக்கச் சொன்னா நீ சம்பந்தம் பேசிட்டு வந்திருக்கியே" என்றார். வகுப்பே இரண்டு நாள் அதைச் சொல்லிச் சிரித்தது. பத்துக்கு மூன்று மதிப்பெண்.

உறவினர் சம்பந்தப்பட்ட வழக்கில் வக்கீல் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று மறுநாள் பாடம். ஃபாண்ட் டு லாக்கிலிருந்து வந்த டெனே பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "அப்படின்னா எங்க ஊர்ல நான் நாய்ங்களுக்குத்தான் மேடம் வக்கீலா இருக்கணும். அதுலயும் பாதி எங்க மாமா வீட்டு நாய்ங்க" என்றான். எங்களுக்குச் சொத்துச் சட்டம் எடுக்கும் பேராசிரியர் லாவல்லி மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். அவரும் நம் ஜனம்தான், மெட்டீஸ்காரர், அவருக்குத் தெரியாதா?

போன திங்கட்கிழமை மாதிரி வழக்குக்கான தீர்ப்பைக் கொடுத்தார். பதினோரு பக்கம். பூர்வகுடிகளின் ரிசர்வ் நிலத்தில் ஒரு வீடு, அதன் உரிமைச் சான்றிதழ் கணவர் பெயரில் இருக்கிறது, மனைவிக்கு அதில் உரிமை உண்டா என்பதுதான் வழக்கு. தலைப்பு ‘ஹால்கெட் எதிர் ஹால்கெட்’. அந்தப் பெயரை நீங்கள் விட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது, அதனால் முதலில் எனக்கு உறைக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ‘டெல்ஃபின்’ என்று உங்கள் பெயரைப் படித்தபோதுதான் கை நின்றது.

சித்தி, உங்களுக்கு ஒரு வழக்கு இருந்தது என்றே எனக்குத் தெரியாது. ஏன் நமக்குச் சொந்த வீடு இல்லை, ஏன் மாமாவின் டிரெய்லர் வீட்டில் இருக்கிறோம் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பெரிய வீட்டை யார் பெருக்கித் துடைப்பது என்றீர்கள். நான் அதை நம்பினேன்.

பதினான்காவது பத்தியை அப்படியே எழுதுகிறேன். ‘மனைவி ஜனவரி மாதம் வீட்டைவிட்டு வெளியேறினார். ஏழு மாதங்கள் திரும்பவில்லை. தன்னை யாரும் போகச் சொல்லவில்லை என்றும் தானாகவே போனதாகவும் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்.’

நான் பிறந்தது பிப்ரவரி பதினொன்று. ஜனவரியிலிருந்தே அம்மா இந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று மாமா சொல்லியிருக்கிறார். அம்மாவின் கல்லறைச் சிலுவையில் ஜூலை என்று இருக்கிறது. ஆகஸ்டில் நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது கதவில் வேறு பூட்டு தொங்கியதாகப் பதினாறாவது பத்தி சொல்கிறது. உங்கள் கையில் ஒரு குழந்தை இருந்ததாக எங்கும் இல்லை. பதினோரு பக்கத்தையும் மூன்று தடவை தேடிவிட்டேன். நான் அதில் இல்லை. அம்மாவும் இல்லை.

யாராவது போகச் சொன்னார்களா என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள். படுக்கையில் கிடக்கும் அக்காவிடம் போனவர், என்னைப் போகும்படி ஆக்கினார்கள் என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் அக்காவைச் சுமை என்று சொன்னதாகிவிடும். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். நீதிபதியின் காதில் அது, எனக்கு இந்த வீடு வேண்டாம் என்று விழுந்திருக்கிறது. யாரிடம் போனீர்கள் என்று உங்கள் வக்கீல்கூடக் கேட்கவில்லை. எனக்கு மூன்று மதிப்பெண் வாங்கிக் கொடுத்த கேள்விகளில் ஒன்றைக் கேட்டிருந்தால் போதும்.

முப்பத்திரண்டு பேரும் இப்போது உங்கள் பெயரின் மேல் மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, இங்கே படிக்கும் முறை அது. நம்மிடையே ஒருவர் பட்டதை அவர் கொடுக்காமல் இன்னொருவர் எடுத்துப் பேசமாட்டோம். இங்கே அச்சில் வந்துவிட்டால் யாரும் எடுக்கலாம். இடைவேளையில் ஒரு பெண், அந்த மனைவி முட்டாள், தானாகப் போனேன் என்று யாராவது கோர்ட்டில் சொல்வார்களா என்றாள். தட்டில் இருந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எந்தப் பக்கம் யார் வாதாடுவது என்று தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்தோம். எனக்கு வந்தது கணவர் தரப்பு.

அந்தப் பக்கத்தின் பலமே பதினான்காவது பத்திதான். துணி துவைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்தேன். ‘மனைவி தானாகவே’ என்பது வரை வருகிறது, அதற்கு மேல் வரவில்லை. நான்கு நாளாக இப்படித்தான். கோரலி இதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, வாஷிங் மெஷினை நீதிபதியாக நினைச்சுக்கோ, அதுவும் பாதி நேரம் தூங்கிட்டுத்தான் இருக்கு என்கிறார். காரணத்தை அவரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை லாவல்லி அம்மையாரிடம் போய், வேறு பக்கம் மாற்றித் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் தீர்ப்பின் முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "சொந்தம்னா மாத்தறது என் கடமைம்மா. ஆனா யாரு, என்னன்னு நீ என்கிட்ட சொல்லணும். சொல்லாம மாத்தினா மத்தவங்களுக்கு அநியாயம்" என்றார். இருபதாம் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார். மனைவி தரப்புக்கு மாறினால் என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்குத் துணி துவைக்கும் அறை தேவைப்படாது. ஆனால் அது உங்களுடையது. தெரிந்துகொண்டதனால் என்னுடையதாகிவிடாது.

மாமாவிடம் சொல்லி முகாம் கூரையில் அந்தத் தார்ப்பாயை மாற்றச் சொல்லுங்கள். எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீங்கள் கொடுத்த உலர்ந்த கடமான் இறைச்சியைக் கோரலியும் நானும் தீர்த்துவிட்டோம்.

சித்தி, எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். அந்த ஜனவரியில் நீங்கள் எங்கே போனீர்கள், யாருக்காகப் போனீர்கள், திரும்பி வரும்போது கையில் யார் இருந்தார்கள் என்பதை நான் அந்த நீதிபதி முன்னால் எழுந்து நின்று சொல்லலாமா? சனிக்கிழமை மீனைக் கொடுக்க வரும்போது கடையிலிருந்து போன் செய்யுங்கள். எனக்குக் கிடைக்கும் கல்லூரி இடத்துக்காகச் சரி என்று சொல்ல வேண்டாம். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், ஏன் என்று கேட்கமாட்டேன், நான் வேறு வழி பார்த்துக்கொள்வேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
ஷானெல்