பனங்கட்டிப் பேணிக்கு வைத்த முத்திரை

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்பு மகள் நிருஜாவுக்கு, அப்பா எழுதுவது. கோணேசர் புண்ணியத்தில் அம்மா நல்ல சுகம், அதைவிட நல்ல பலம். நான் சுகமா என்பதை வாசித்துவிட்டு நீயே தீர்மானி. போனில் சொல்லலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார்.

எல்லாம் உன்னால் வந்தது. போன லீவில் குசினியில் இருந்து உன் வியன்னா வேலையை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினாய். அணு உலை வைத்திருக்கும் நாடுகளுக்குப் போய் எரிபொருளை எண்ணுவீர்கள், முத்திரை வைப்பீர்கள், கமரா பூட்டுவீர்கள், கரண்டுக்கு என்று வாங்கியது குண்டுக்குப் போகவில்லை என்று பார்ப்பீர்கள் என்றாய். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். நீ பிளேன் ஏறியதும் அம்மா பனங்கட்டி போட்டு வைக்கும் தகரப் பேணியின் மூடியில் மெழுகை உருக்கி ஊற்றித் தன் கைப்பெருவிரலை அழுத்திவிட்டார். இரத்தத்தில் சீனி குறையாவிட்டால் என் புண் பட்ட கால்விரலை எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக் டொக்டர் சொன்னாரே, அதற்காம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் இதற்கு மசிவேனா? அம்மா கோயிலுக்குப் போன நேரம் பேணியைத் திறந்து வேண்டியதை எடுத்துவிட்டு, திரும்ப மெழுகு ஊற்றி என் விரலைப் பதித்து வைத்தேன். வந்து பார்த்தவர், ஆருடைய விரல் இது, மாடு உழக்கின மாதிரிக் கிடக்கு என்றார். அன்றிலிருந்து சட்டைப்பை, அலுமாரி, ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே எல்லாம் திடீர்ப் பரிசோதனை. வியன்னாவில் இருக்கும் உங்கள் சபையில் முறையிடத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

ஆனால் நேற்று அம்மா என் கால் புண்ணுக்கு மருந்து கட்டினார். குனிந்தபடியே இருந்தார், காலில் கண்ணீர் விழுந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மகள். சாமிப் படத்துக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த, அவரால் கண்டுபிடிக்க ஏலாமல் போன பனங்கட்டிப் பொட்டலத்தை நானே எடுத்துக் கையில் கொடுத்தேன். ஒழுங்காக மேற்பார்வைக்கு உட்படுகிற நாட்டுக்கு எரிபொருள் தடையில்லாமல் கிடைக்கப் பண்ணுவினமாம், நிருஜா சொன்னவள் என்றார் அம்மா. டொக்டரிடம் கேட்டு, வெள்ளிதோறும் பால் விடாத பிளேன்ரீயோடு ஒரு சின்னத் துண்டு தருவதாக ஒப்பந்தம்.

நீ அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. சாப்பிட்டேன் என்று நீ சொல்வதை இங்கிருந்து யார் சரிபார்ப்பது? காலுறை போடு, நேரத்துக்குச் சாப்பிடு. இந்த வீட்டுக்கு வர முன்னறிவிப்புத் தேவையில்லை, எந்த நேரம் தட்டினாலும் எல்லா அறையும் திறந்து காட்டுவோம். அம்பாள் துணை இருப்பாள்.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
இராசநாயகம்.

பி.கு. கடிதம் அம்மாவிடம் பிடிபட்டுவிட்டது. உறையின் மெழுகில் வடிவாகப் பதிந்திருப்பது அவருடைய விரல். பக்கத்தில் மாடு உழக்கினது என்னுடையது.