ஆறிய பாயாவும் முயலின் எலும்பும்

பாய், இன்று காலை என் சமையலறை முழுக்க வினிகர் வாடை. பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காக என் மகள், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய கோழி எலும்பை ஒரு வாரமாக வினிகரில் ஊறப்போட்டிருந்தாள். எடுத்து வளைத்தாள். ரப்பரைப் போல வளைந்தது. அவள் கண் விரிந்ததைப் பார்த்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஆராய்ச்சி மாணவி. மேலப்பாளையத்தில் உங்கள் கறிக்கடைக்கு வாரம் ஒரு நாள் ஐஸ் பெட்டியோடு வந்து ஆட்டுக்கால் எலும்பு வாங்கிப் போவேன். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றேன். "சைவக்காரப் புள்ளைக்குக் கறி வேண்டாமாம், எலும்பு மட்டும் போதுமாம்" என்று கடையையே சிரிக்கவைத்தீர்கள்.

நீங்கள் உட்கார்ந்துதான் வெட்டுவீர்கள். நாங்குநேரிப் பக்கம் லாரி இடித்ததில் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பு போயிருந்தது. வெளியே இரும்புக் கம்பிகள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தன. தொழுகையும் நாற்காலியில்தான்.

ஒரு நாள் இந்த எலும்பெல்லாம் எங்கே போகிறது என்று பார்க்க ஆட்டோ பிடித்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டீர்கள். அமிலத்தில் ஊறிய ஆட்டெலும்பை உங்கள் கையில் வைத்தேன். முப்பது வருடமாக எலும்பு வெட்டிய உங்களுக்கு, அதை வளைத்தும் நிமிர்த்தியும் மாளவில்லை. சுண்ணாம்புச் சத்து போன பிறகு மிஞ்சும் இதற்குள்தான் எலும்பை வளரச் செய்யும் புரதங்கள் இருக்கின்றன, வளர்ச்சிக் காரணிகள் என்போம், அவற்றைப் பிரித்து ஜெல்லில் கலந்து முயலின் எலும்பில் நாங்களே வெட்டி உண்டாக்கிய இடைவெளியில் வைக்கிறோம் என்றேன். ஜெல் எதற்கு என்றீர்கள். வெறுமனே வைத்தால் ரத்தத்தோடு போய்விடும், ஜெல் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்றேன். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தீர்கள்.

"ஆறுன பாயால்லா இது."

உண்மைதான். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் இப்படித்தான் உறைந்து தளதளக்கும். எங்கள் பேராசிரியர்கூட அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பிறகு இரண்டு எக்ஸ்ரேக்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெறும் ஜெல் வைத்த முயலில் இடைவெளி அப்படியே இருந்தது. புரதம் கலந்த ஜெல் வைத்த மற்றதில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வெண்மை பனிபோலப் படர்ந்து இரண்டு முனைகளையும் தொட்டிருந்தது. நூறு தடவை பார்த்த படம். உங்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"மனுசனுக்கு எப்பம்மா வரும்?"

"அடுத்த வருசம் வந்துரும் பாய்."

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சிலிர்ப்பில் வந்த பேச்சு அது.

அதை நம்பி நீங்கள் ஆபரேஷனை மறுத்துவிட்டீர்கள். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காலில் வைப்பதாக டாக்டர் சொல்லியிருந்தாராம். கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடித்ததை, வாரம்தோறும் வந்த எனக்கே தெரியாமல் கட்டியிருந்த சாரத்தைக் கீழே இழுத்துவிட்டு மறைத்தீர்கள். எட்டு மாதம் கழித்து, இனியும் தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டிவருமாம் என்று உங்கள் மனைவி அழுதபோதுதான் எல்லாம் தெரிந்தது. எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியாது, தெரியாமலே சொல்லிவிட்டேன் என்று உங்கள் முன்னால் நின்று சொன்னேன். நீங்கள் கத்தியைப் பலகையில் வைத்தீர்கள்.

"பெருநாளைக்கு நின்னு தொழலாம்னுல்லா நெனச்சிருந்தேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சீழ் ஆறிய பிறகு இடுப்பெலும்பை வைத்தார்கள். மறு வருடம் கம்பு ஊன்றாமல் ஆய்வுக்கூடத்துக்கு மாடியேறி வந்து, உங்கள் எக்ஸ்ரேயை அதே ஜன்னலில் நீங்களே பிடித்தீர்கள். அதே வெண்மை, முனைக்கு முனை. நாங்கள் பிரித்தெடுக்கப் பாடுபடும் புரதங்கள் உங்கள் எலும்பிலும் உண்டு, அவையும் சேர்ந்துதான் இதை வளர்த்திருக்கின்றன என்றேன். நீங்கள் இடுப்பைத் தட்டினீர்கள்.

"அப்பம் ஒங்க மருந்து என் இடுப்புக்குள்ளயே இருந்துருக்கு. நாம ரெண்டு பேரும் ஆட்டுக்கிட்டல்லா தேடிருக்கோம்."

போன மாதம் உங்கள் மகன் போன் செய்து, நீங்கள் போய்விட்டதைச் சொன்னான். கடைசி வெள்ளிக்கிழமையும் நின்றுதான் தொழுதீர்களாம்.

அந்த ஜெல்களைப் பற்றி இப்போது வகுப்பெடுக்கிறேன். இன்று காலை மகள் வளைந்த எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதைத் திரும்பக் கெட்டியாக்க முடியுமா என்று கேட்டாள். உடம்புக்குள் வைத்தால் ஆகலாம் என்றேன். எத்தனை நாளில் என்றாள். வாய்வரை ஒரு பதில் வந்தது. நீங்கள் கத்தியைப் பலகையில் வைத்த சத்தம் கேட்டது.

"தெரியாதுட்டி" என்றேன்.