உப்பளத்துக்கு மேலே ஓடிய அலை

காலையில் உப்புக் குவியல் மேலிருந்த தார்ப்பாயை விலக்கினேன். அந்த ஈர நாற்றம் மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்து நின்றாய். நண்பனை நினைவூட்ட மற்றவர்களுக்கு அத்தர், மல்லிகை, எனக்குத் தார்ப்பாய். என் ராசி அப்படி.

2005 மழைக்காலம். வளைகுடா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலைக்கு நீ திரும்பும் நாள். சென்னை பஸ் பிடிக்குமுன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்த உன்னை, மழை தார்ப்பாய் போட்ட என் உப்புக் கொட்டகைக்குள் அடைத்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே நீ, நான், உன் பெட்டி. மழை விடும், நீ பெட்டியைத் தூக்குவாய், மறுபடி கொட்டும்.

"கடல் மேல எங்கயோ இடிமழை காத்த உதைச்சிருக்குதுப்பா. மேல போன காத்து கனத்துல கீழ எறங்குது, எறங்குன வேகத்துல மறுபடி எழும்புது. அலைதான் இது. எழும்புற எடத்துல மேகம் கட்டி ஊத்துது, எறங்குற எடத்துல விடுது." என்றாய். அங்கே விமான நிலைய வானிலைப் பிரிவிலிருந்த ஒரு மலையாளி உனக்குச் சொன்னதாம்.

"அலைன்னா கடல்லதான? ஆகாசத்துல என்னாத்துக்கு?"

"நீ சயின்ஸ் பாஸ் பண்ணதே என் பேப்பரப் பாத்துதான. ஒனக்கு எங்க புரியப் போவுது!"

நல்லவேளை, இதைக் கேட்க யாருமில்லை; ஊர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அன்று விமானம் ஏறாவிட்டால் விசா போய்விடும். உன் மகளின் நிக்காஹ் நின்றுவிடும். அதையே சொல்லிக்கொண்டிருந்த நீ, திடீரென்று, "போவப் புடிக்கலப்பா. அங்க என் ரூமுக்கு ஜன்னலே கெடையாது," என்றாய். உன் பெட்டியை ஒழுகாத பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மழை விட்டது. மேகத்தில் அகலமாய் ஒரு வெளுப்பு.

"இன்னொரு அலை வருது, ஒக்காரு," என்றேன்.

அண்ணாந்து பார்த்தாய். "நீ சொல்றது நெஜமா இருந்தா நல்லாத்தான் இருக்கும்." பெட்டியைத் தலையில் வைத்து வரப்பில் ஓடினாய். பஸ் ஏறும்வரை ஒரு சொட்டு விழவில்லை.

நிக்காஹ் நடந்தது. பிரியாணி பிரமாதம்; சொல்லாவிட்டால் கோபிப்பாய். அடுத்த வருஷம் ஜன்னலில்லாத அந்த அறையில் தூக்கத்திலேயே போய்விட்டாய். அடக்கமும் அங்கேயே.

அதிலிருந்து எனக்கொரு வியாதி. மழை விட்டதும் கிளம்புகிறவர்களை, கோடு கோடான மேகத்தைக் காட்டி, இன்னொரு அலை வருதென்று உட்காரச் சொல்கிறேன். யாரும் நம்புவதில்லை. மழை வருமென்று தப்பாகவே சொல்லும் 'ரேடியோ' என்று எனக்குப் பெயர் வைத்துத் தெருவெல்லாம் பரப்பிவிட்டாள் என் மனைவி.

இன்றைக்கு லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் மட்டும் மேலே பார்த்துவிட்டு, "சரிங்க, அப்பறமாவே போறேன்," என்று உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்க்கிலிருந்த டீயை இருவருக்கும் ஊற்றினேன். மழை வரவேயில்லை. ஏன் உட்காரச் சொன்னேன் என்று அவரும் கேட்கவில்லை.